ஆட்டோ கியர் காரும் ஒரு வெள்ளைக் கல்லும்: ஈப்போவிலிருந்து மலைக்கு ஒரு சோதனை ஓட்டம்

சிரம்பானில் இருக்கும் என் அண்ணன் மகன் போன வாரம் போன் செய்தான். "அத்தை, கரண்ட்ல ஓடுற புது காடி ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். அத நம்பி கேமரன் மலைக்கு வரலாமா? கொடுக்குற காசுக்குத் தகுமா?" என்று கேட்டான். மின்சாரக் காரில் நான் இதுவரை ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் பேசினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையிடம் கேள்வி கேட்டால் இதுதான் கதி.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது, இதே கேள்வியை 1984-இல் நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். அப்போது எங்கள் மலையில் புதுமை என்றால் ஆட்டோ கியர் கார். அதை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஒரு காரை இரவல் வாங்கி ஈப்போவிலிருந்து மலைக்கு ஓட்டி வந்தோம். அந்தப் பயணத்தை எழுதிவைத்தால் இவனைப்போலக் கேட்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. ஆட்டோ கியர் என்று வரும் இடங்களில் அவரவர் காலத்துப் புதுமையைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதற்கு இந்த ஆசை என்று சொல்லிவிடுகிறேன். பிரிஞ்சாங்கிலிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். என் கணவர் முத்தையா அங்கே தொழிற்சாலைக் கிராணி, கணக்கு எழுதுபவர். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. எங்களிடம் ஒரு பழைய பச்சைக் கார் இருந்தது. 1975 முதல் அதை அதிகம் ஓட்டியது நான்தான். 1981 மழைக்காலத்தில், ஒரு வாரமாகப் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பார்க்கத் தேயிலை வரிசைகளுக்கு நடுவே படி இறங்கிப் போனபோது வழுக்கி விழுந்தேன். இடது முழங்கால் போய்விட்டது. ஒன்பது மாதம் கழித்து நடந்தேன், ஆனால் அந்தக் கால் பாதிக்கு மேல் மடங்காது, எதையும் அழுத்தினால் உயிர் போகும். கிளட்ச்சை அழுத்தாமல் பச்சைக் காரை ஓட்ட முடியாது. இரண்டு முறை முயன்று பார்த்தேன், இரண்டு முறையும் காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு இறங்கினேன்.

தோட்டத்துப் பள்ளி வீட்டிலிருந்து நடக்கும் தூரம், அதனால் மூன்று வருடம் ஒருவாறு ஓடிப்போனது. 1984 நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. கோலா தெர்லா பக்கத்தில் உள்ள பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியையாகப் போட்டிருக்கிறார்கள், ஜனவரியில் பொறுப்பு ஏற்க வேண்டும், சம்மதமா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் எழுத வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளி பதினாறு கிலோமீட்டர். முதல் பஸ் பிரிஞ்சாங்கைத் தாண்டும் நேரத்துக்கு அங்கே முதல் மணி அடித்திருப்பார்கள். என் கணவரோ ஆறு மணிக்குத் தொழிற்சாலையில் இருக்க வேண்டியவர். காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு போகலாம் என்றால் இந்த முழங்காலோடு லோரியில் ஏறுவது யார்? நானே காரோட்டிப் போனால் அந்த வேலை எனக்கு. இல்லையென்றால் வேறு யாருக்கோ.

கிளட்ச்சே இல்லாத கார் இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஆனால் எங்கள் வீடுகள் இருந்த சரிவில் வண்டிகளைப் பற்றிக் கடைசித் தீர்ப்பு சொல்பவர் லோரி காளிமுத்து. காய்கறி லோரி ஓட்டுபவர், மனைவி எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவரிடம் கேட்டபோது ஒரே மூச்சில் தீர்ப்பை வாசித்துவிட்டார்.

"ஆட்டோ காடியெல்லாம் கோலாலம்பூர்ல ஓட்டுறதுக்கு டீச்சர். நம்ம மலையில ஏறுனா கொதிச்சிடும். எறக்கத்துல புடிக்காது, பிரேக்க மிதிச்சே சாகணும். அதவிட முக்கியம், காலையில தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதுலா. தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாத காடிய வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு கீழ்நாட்டுக்காரர்களுக்குப் புரியாது. விடியற்காலைக் குளிரில் பழைய கார்கள் எதுவும் எங்கள் மலையில் ஒழுங்காகக் கிளம்பாது. அதனால் யாரும் காரைச் சமதளத்தில் நிறுத்துவதில்லை. மூக்கு கீழே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, ஒன்றாவது கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். காலையில் கல்லை எடுத்து, கிளட்ச்சை மிதித்து உருளவிட்டு, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். எங்கள் சரிவில் ஆறு கார்களுக்கு ஆறு கற்கள். எது யாருடைய கல் என்று எல்லாருக்கும் தெரியும். என் கணவருடையது தட்டையான ஆற்றுக்கல். அதற்கு அவர் வெள்ளைச் சாயம் அடித்து, கார் நம்பரையும் எழுதி வைத்திருந்தார். இராத்திரி கதவைத் தாழ் போடுகிறாரோ இல்லையோ, ஏழு மணிக்கு வெளியே போய்க் கல்லையும் கியரையும் பார்க்காமல் இருக்க மாட்டார்.

ஈப்போவில் கார் விற்கும் இடத்தில் வேலை பார்த்த குணசேகரன் என் கணவரின் பள்ளித் தோழருடைய தம்பி. போன் போட்டுப் பேசினோம். அவர்கள் ஓட்டிக் காட்டுவதற்கென்று வைத்திருக்கும் ஆட்டோ கியர் காரை வெள்ளி முதல் ஞாயிறு வரை தருவதாகவும், பச்சைக் காரை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். என் கணவர் லீவு போட்டுவிட்டு ஓட்டினார். நல்ல மழை. ரிங்லெட் தாண்டியதும் மூட்டம் வேறு. தாப்பா வந்து சேர ஏழே முக்கால். ரொட்டிச்சானாயும் தேநீரும் இருவருக்கும் சேர்த்து இரண்டு வெள்ளி நாற்பது காசு, ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். கம்பார், கோப்பெங் வழியாக ஈப்போ சேர்ந்தபோது ஒன்பதேகால். வீட்டிலிருந்து மொத்தம் 128 கிலோமீட்டர்.

கார் வெளிர்நீலம், 1300 சிசி. விலை 19,600 வெள்ளி. சாதாரணக் கியர் உள்ள அதே காரைவிட 1,500 வெள்ளி அதிகம். குணசேகரன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, வகுப்பு எடுப்பதுபோல எல்லாவற்றையும் விளக்கினார். இரண்டே மிதி, இரண்டுக்கும் வலது கால். கியர்க் கம்பியின் பக்கத்தில் P, R, N, D, 2, 1 என்று எழுத்துகள். ஓட்ட D, இறக்கத்தில் 2, ரொம்பச் செங்குத்து என்றால் 1.

"நிறுத்துனா P-யில போட்டுடுங்க அக்கா. அதுல போட்டா நாலு பேரு தள்ளுனாலும் நகராது," என்று சொல்லிவிட்டு, கடைப் பையன்கள் இருவரைத் தள்ளச் சொல்லியே காட்டினார். கார் அசையவில்லை. "இன்னொன்னு. P இல்லனா N, இதுல இருந்தாதான் ஸ்டார்ட் ஆகும். வேற எதுல இருந்தாலும் சாவியத் திருப்புனா சத்தமே வராது. ஞாபகம் வச்சிக்குங்க."

நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். என் கணவர் அந்த இடத்தில் இல்லை. பச்சைக் காரின் பின்பெட்டியிலிருந்து வெள்ளைக் கல்லைத் தூக்கிப் புதுக் காரின் பின்பெட்டியில் வைக்கப் போயிருந்தார். மலையிலிருந்து ஈப்போவுக்குக் கல் கொண்டுவந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். குணசேகரன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார், நல்ல பிள்ளை.

பதினொன்றுக்குக் கிளம்பினோம். பெட்ரோல் நிரப்பியதில் 38 வெள்ளி. கோப்பெங் வரை அவர் ஓட்டுவதாகப் பேச்சு. நான் சாவியைத் தரவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். முதல் கால் மணி நேரம் என் இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடித் தேடித் தரையை மிதித்தது, வலித்தது. கம்பார் வருவதற்குள் அந்தக் கால் தனக்கு இங்கே வேலை இல்லை என்று புரிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பாடத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்துப் பாடவில்லை.

தாப்பாவில் சோறு சாப்பிட்டோம், மீன்குழம்போடு இருவருக்கும் ஐந்து வெள்ளி அறுபது காசு. ஒன்றரைக்கு மலைப்பாதையில் ஏறத் தொடங்கினேன். அங்கிருந்து பிரிஞ்சாங் 64 கிலோமீட்டர், வளைவுகளை எண்ண ஆரம்பித்தவர்கள் யாரும் எண்ணி முடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் கணவர் சூடு காட்டும் முள்ளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே வந்தார். லாத்தா இஸ்கந்தர் அருவிக்கு முன்பே முள் லேசாக ஏறியது. "நிறுத்து, நிறுத்து, கொதிக்கப் போவுது," என்றார். அருவியடியில் இருபது நிமிடம் நிறுத்தினோம். இரண்டு வெள்ளிக்குப் பெத்தாய் என்ற காட்டு அவரைக்காய் ஒரு கட்டு வாங்கினேன். முள் பாதியைக் கூடத் தாண்டவில்லை, அங்கேயே நின்றிருந்தது. அதற்குப் பிறகு ரிங்லெட் வரை அது அசையவே இல்லை. அவர்தான் அசைந்துகொண்டே வந்தார்.

ஒரு வளைவில் மரம் ஏற்றிய லோரி ஒன்று நடுரோட்டில் வந்துவிட்டது. பச்சைக் காராக இருந்தால் பிரேக், கிளட்ச், கியர், கைப்பிரேக் என்று நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். இங்கே நின்றேன், லோரி போனது, மிதித்தேன், கார் ஏறியது. அவ்வளவுதான். அந்த ஏற்றத்தில் பின்னால் உருளாமல் கார் கிளம்பியபோது என் கணவர் முதன்முறையாகத் தலையை ஆட்டினார். "ஏறுது," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ரிங்லெட் மூன்றேகால், தானா ராத்தா மூன்று ஐம்பத்தைந்து, பிரிஞ்சாங் நாலேகால். தோட்டத்துக்கு வந்து சேர நாலரை. காளிமுத்து லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். காரைச் சுற்றி வந்து இஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். "ஏறிடுச்சு, சரி. காலையில பாப்போம்," என்றார்.

எப்போதும்போல மூக்கு கீழே பார்க்க நிறுத்தினேன். குணசேகரன் சொன்னபடி P-யில் போட்டேன். கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். ஏழு மணிக்கு என் கணவர் வழக்கம்போலக் கல்லையும் கியரையும் பார்க்க வெளியே போனார். அதை நான் கவனித்தேன், ஆனால் அதில் கவனிக்க என்ன இருக்கிறது என்று சமையலைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு இருபது. கோலா தெர்லா வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். என் கணவரும் தாமதமாக வருவதாகத் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு என்னோடு வருவதாக இருந்தார். நல்ல குளிர், கண்ணாடி முழுக்கப் பனி, வெளிச்சம் சரியாக வரவில்லை. இரவெல்லாம் லோரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த காளிமுத்து தூங்கப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள் நான்கைந்து பேர் அவரோடு நின்றுவிட்டார்கள். தீர்ப்பு நிறைவேறுவதைப் பார்க்க வந்த கூட்டம் அது.

சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, வைப்பர் ஆடியது. இஞ்சின் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"பனியில செத்துப் போச்சு டீச்சர்," என்றார் காளிமுத்து. அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது என்று இன்றுவரை நம்ப முயல்கிறேன்.

"தள்ளிப் பாப்போம்," என்றார் என் கணவர்.

"ஆட்டோ காடி தள்ளுனா வராது ஐயா. நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"வராதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? தள்ளிப் பாத்திருக்கியா?"

யாரும் தள்ளிப் பார்த்ததில்லை. அதுவே போதுமான காரணமாகிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கும் யோசனை ஓடவில்லை. கார் கிளம்பாவிட்டால் தள்ளுவது எங்கள் கைகால்களில் ஊறிப்போன பழக்கம். அவர் கல்லை எடுத்தார், நான் கைப்பிரேக்கை விட்டேன், ஐந்து பேர் தள்ளினார்கள். ஒரு தள்ளுக்கே கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சாவியைத் திருப்பிக்கொண்டே வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எண்பது மீட்டர் கீழே தொழிற்சாலையின் இரும்புக் கேட். வேகம் கூடியது. இஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் முரண்டு பிடித்தது, பிரேக் கல்லாக இறுகிப்போயிருந்தது. வலது காலை ஊன்றி எழுந்து நிற்பதுபோல மிதித்தேன். கேட்டுக்குப் பத்தடி முன்பாகக் கார் நின்றது. என் கணவர் கல்லைத் தூக்கிக்கொண்டே பின்னால் ஓடிவந்து, மூச்சு வாங்க அதைச் சக்கரத்தின் கீழே திணித்தார்.

 அவர் ஜன்னலுக்குக் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"விடு ராஜம். நமக்கு இது வேணாம். வேலைய ஒத்துக்க முடியலன்னு நானே கடுதாசி எழுதிடறேன்."

என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று வருடம் மற்றவர்கள் கொண்டுபோய் விடும் இடத்துக்குத்தான் போனேன், கூப்பிட வரும்போதுதான் திரும்பினேன். நேற்றுப் பாதி நாள் ஓட்டியதில் அது எவ்வளவு கனம் என்று தெரிந்துபோயிருந்தது. திரும்பவும் அதைத் தூக்கிச் சுமக்க என்னால் முடியாது என்று தோன்றியது. "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லியிருப்பேன்போல, எல்லாரும் சும்மா இருந்தார்கள்.

அந்த அமைதியில்தான் ஒன்று உறுத்தியது. ஈப்போவில் இரண்டு பையன்கள் தள்ளியும் நகராத கார், இங்கே ஒரு தள்ளுக்கு எப்படி ஓடியது? நான் P-யில்தானே போட்டேன்? குனிந்து பார்த்தேன். கம்பி 1-இல் இருந்தது.

கம்பியை P-க்கு நகர்த்தினேன். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. முதல் நாள் ஷோரூமில் கேட்ட அதே சத்தம், குளிரால் அதற்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"பேட்ரி இப்பதான் சூடாயிருக்கும்," என்றார் காளிமுத்து.

என் கணவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். எழுத்துகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்து நான்தான் மாத்தி வச்சேன். P-ன்னா டவுன்ல நிறுத்துறதுக்குன்னு நெனச்சிட்டேன். சரிவுல ஒன்னாவது கியர்தானே போடுவோம்."

பத்து வருடமாக ஒரு நாள் தவறாமல் செய்தது. என்னைப் பாதுகாப்பதாக நினைத்து, காரைப் பிடித்துவைக்கும் ஒன்றை எடுத்துவிட்டு, பிடிக்காத ஒன்றில் போட்டிருக்கிறார். இரவு முழுக்க அந்தக் காரைச் சரிவில் நிறுத்தி வைத்திருந்தது கைப்பிரேக்கும் அவருடைய கல்லும்தான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தேன். காரின் மேல் குறை இல்லை, என் காலின் மேல் குறை இல்லை. அந்தக் காலையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர் முன்கதவைத் திறந்து ஏறப் போனார். "நீங்க வேணாம்," என்றேன். "ஜனவரியில தனியாத்தான போவணும்?" அவர் குனிந்து கல்லை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்.

ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினேன். பிரிஞ்சாங் ஏழு மணி, பாசாரில் காய்கறிக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கியா பார்ம் ஏழு பத்து. கடைக்காரர்கள் அப்போதுதான் ஸ்ட்ராபெரியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு இறக்கம். இரண்டாம் குற்றச்சாட்டு பாக்கியிருந்ததே, இறக்கத்தில் பிடிக்காது என்று. D-யில் விட்டுப் பார்த்தேன், உண்மைதான், கார் ஓடத்தான் பார்த்தது. 2-இல் போட்டதும் இஞ்சினே பிடித்துக்கொண்டது, பிரேக்கை அங்கங்கே தொட்டால் போதும். பின்னால் முட்டைக்கோஸ் லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று என் வேகத்திலேயே போனேன். கோலா தெர்லா ஏழரை. தோட்டத்திலிருந்து நாற்பது நிமிடம்.

பள்ளி விடுமுறை, கேட் பூட்டியிருந்தது. இரண்டு கட்டடம், ஒரு கொடிக்கம்பம், பின்னால் கீரைப் பாத்திகள். எதிர்த்தோட்டத்தில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஸ்கூல் லீவுலா. யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்லங்க. ஸ்கூலப் பாக்க வந்தேன். ஜனவரியிலேருந்து நான்தான் இங்க பெரிய டீச்சர்."

சொன்ன பிறகுதான் முடிவு எடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த அம்மா என் காலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "தனியாவா ஓட்டியாந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு கட்டு முள்ளங்கியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது பிரிஞ்சாங்கில் பெட்ரோல் நிரப்பினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து 156 கிலோமீட்டருக்குப் பதினேழு லிட்டர் பிடித்திருந்தது. பச்சைக் காரைவிடக் கொஞ்சம் அதிகம்தான். வீட்டுக்கு வந்தபோது எட்டரை. என் கணவர் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். தொழிற்சாலைக்குள் போகவே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஈப்போ போய்ப் பச்சைக் காரைக் கொடுத்து, இதே நீலக் காரை வாங்கி, பாக்கிக்குத் தவணை எழுதினோம். சம்மதக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து திங்கட்கிழமை காலை தபாலில் சேர்த்தார்.

இனி, அண்ணன் மகனுக்கும் அவனைப்போல யோசிக்கும் மற்றவர்களுக்கும். கார் தகுமா தகாதா என்று மற்றவர்களிடம் கேட்டால், ஓட்டாதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். விற்பவரிடம் இரண்டு நாள் கேட்டு வாங்கி, நீ தினமும் போகும் வழியில் ஓட்டு. ஏற்றத்தை மட்டும் பார்க்காதே, இறக்கத்தையும் பார். உன் வீட்டில் ஓர் இரவு நிறுத்தி, காலைக் குளிரில் கிளப்பிப் பார். மலைக்கு வருவதாக இருந்தால் தாப்பாவிலேயே முழுக்க நிரப்பிக்கொள் என்று அன்று சொல்வோம். மின்சாரக் காருக்கு எங்கே சார்ஜ் ஏற்றலாம், வழியில் அந்த இடம் திறந்திருக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள். கூடக் கொடுக்கும் பணத்தைப் பெட்ரோல் கணக்கோடு மட்டும் ஒப்பிடாதே. அந்தக் கார் இல்லையென்றால் உனக்கு எது நடக்காது என்று பார். எனக்கு 1,500 வெள்ளியில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. உனக்கு அப்படி ஒன்றும் இல்லையென்றால் பழைய காரே போதும். முக்கியமானது இது: புது வண்டியின் விளக்கத்தைக் கேட்கும்போது வீட்டில் எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொள், யாரையும் கல் தூக்க அனுப்பாதே.

கோலா தெர்லாவுக்கு ஒன்பது வருடம் அந்த நீலக் காரை ஓட்டினேன். ஒரு காலையில்கூட அது கிளம்பாமல் இருந்ததில்லை. ஒன்பது வருடமும் என் கணவர் இரவு ஏழு மணிக்கு வெளியே போய்ச் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தார், விடியலில் எனக்கு முன்பே எழுந்து போய் எடுத்தார். P-யில் போட்ட காருக்குக் கல் எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் கியர்க் கம்பியை மட்டும் அதற்குப் பிறகு தொடவே இல்லை.